மூன்றெழுத்து

டிசம்பர் பத்தாம் தேதி
கூடலூரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி
தராசுக் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்.
மனித உரிமை நாள் என்று தலைப்பு.
பசை காயுமுன்பே கொளப்பள்ளிப் பக்கம் மழை இறங்கியது.
ஜீப்பும் இறங்கியது.

"இவங்களுக்கும் வாசிச்சுச் சொல்லிடுங்க மேஸ்திரியம்மா."
இவங்க என்றால்
ஜார்க்கண்டிலிருந்து வந்த பதினேழு பேர்.
என் இந்தி எவ்வளவு?
கிலோ, கம்மி, ஜல்தி,
கூடையில் தண்டு அதிகம், நாளைக்கு வா.
இதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

பூல்மனி திர்கி முன்னால் வந்து நின்றாள்.
முதுகில் குழந்தை, அதற்கு மேல் படங்கு.
இரண்டாவது சொல்லில் விரலை வைத்து
க்யா ஹை என்றாள்.

உரிமை.

எனக்குத் தெரிந்த சொல்தான்.
அப்பா தலைமன்னாரில் கப்பலேறியபோது
சட்டைப்பையில் நாலாய் மடித்து வைத்திருந்தார்:
பிரஜாவுரிமை.
அவரைக் கேட்காமல்
இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்தது.
அங்கே இருந்தவரை இந்தியாக்காரன்.
அந்தத் தாளோடு இங்கே வந்து இறங்கி
சிலோன்காரன் ஆனார்.

இன்னொரு உரிமையும் தெரியும்.
தங்கை தவமலருக்குப் பதினாறு நடக்கையில்
மாமன் மகன் வந்தான்.
தண்ணீர் கேட்கவில்லை,
குடத்தில் அவனே மொண்டு குடித்தான்.
"உரிமைக்காரன், அப்படித்தான் வருவான்"
என்று லயமே சிரித்தது.
தவமலர் அழுதாள்.
வெட்கம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.
நானும்தான்.

மூன்றே எழுத்து.
இதை இந்தியில் எப்படிச் சொல்ல?

"ஹக்" என்றான் பின்னாலிருந்து ஒரு பையன், பத்தாவது படித்தவன்.
பூல்மனி ஏதோ நீளமாகப் பேசினாள்.
அவன் பாதித் தமிழில் எடுத்துக் கொடுத்தான்:
அவங்க ஊர்ல பொம்பள ஏரைத் தொடக் கூடாது,
தொட்டா மழை போயிடும், தண்டம் கட்டணும்.
கூரை மேல ஏறவும் கூடாது.
இங்க ஏர் இல்லையே, அதான் வந்தாளாம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் சிரித்தாளா, தெரியவில்லை.
படங்கு முகத்தில் சரிந்திருந்தது.

பங்குனியில் அவர்களுக்குப் பூத்திருவிழா.
சால மரத்துக்கு எங்கே போவது?
சில்வர் ஓக் கிளையொன்றை ஒடித்து நட்டு
விடிய விடியக் கைகோத்து ஆடினார்கள்.
காலைப் பிரட்டுக்குப் பதினேழு பேரில் ஒருவரும் இல்லை.
பொங்கலுக்கு லீவு உண்டு, தீபாவளிக்கு உண்டு,
கிறிஸ்துமஸ், ரம்ஜான், ஓணத்துக்கும்கூட உண்டு.
அச்சடித்த பட்டியல் அத்தோடு முடிகிறது.
"ஆப்சென்ட் போடு" என்றார் மேனேஜர்.
போட்டேன், பதினேழு முறை.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பார் எப்போதும்.

ஆனிக் காற்றில் ஒரு ராத்திரி
அஞ்சாம் லயத்துத் தகரம் பெயர்ந்து படபடத்தது.
ஆண்கள் பாக்டரியில் இரவு ஷிப்டு.
நான் டார்ச்சோடு போனபோது
ஏணியின் பாதியில் இருந்தாள் பூல்மனி,
சேலையை வரிந்து கட்டி, வாயில் நாலு ஆணி.
கீழே அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்
மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு
கத்திக்கொண்டிருந்தார்.
என்ன சொல்கிறார் என்று பையனைக் கேட்டேன்.
"மழை நின்னு போயிடுமாம்."

அவள் ஆணியை உள்ளங்கையில் துப்பிவிட்டு
ஒரு சொல் சொன்னாள்.
"நிக்கட்டுமாம்."

நிற்கவில்லை. பதினொரு நாள் பெய்தது.
சுவரில் அந்தத் தாள் எப்போது போனது என்று தெரியாது,
பசை ஒட்டிய நாலு மூலைகள் மட்டும் இருக்கின்றன.
செக்ரோலில் பதினேழு ஆப்சென்ட்டும் அப்படியே இருக்கின்றன.

அன்று ராத்திரி ஏணி வழுக்கியபோது
அவள் குனிந்து என்னைப் பார்த்துப் போட்ட சத்தம்,
என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ்:
"ஏய், கெட்டியா புடி!"

மேஸ்திரியம்மாவை ஏய் என்கிறாள்.
பிடித்தேன்.
அப்படிக் கூப்பிடுவதற்கும்
எங்கள் பேச்சில்
அதே மூன்றெழுத்துதான்.