தேதி சரியில்லை

டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
கமாலுதீன் மூவாயிரம் சொன்னார்.
இரண்டாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.
அவ்வளவு சுலபமாகப் படிந்தபோதே
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் பத்தாயிரம் விளையாட்டு என்றிருந்தது.
ஞாயிறு காலை யுகன் வந்ததும்
இரண்டு பேருமாக எண்ணினோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மிச்சமெல்லாம் அதே கார்,
வேறு பெயரில், வேறு நிறத்தில்.
நூற்று இருபத்தெட்டு ஜிபி
திறந்து பார்த்தால் எட்டு.
பெண் பார்த்தபோது புரோக்கர்
என் சம்பளத்தைச் சொன்ன மாதிரி.
இதை அவனிடம் சொல்லவில்லை.

இந்த ரிமோட்டில் சத்தம் கூட்டலாம்,
குறைக்க டிவியின் ரிமோட் வேண்டும்.
அதற்குப் பின்மூடி இல்லை,
பேட்டரியை ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன்.
கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால்
கூரையை இடிப்பதற்குள்
கட்டிலுக்கடியில் தேடி எடுக்க வேண்டும்.

படம் போட்டால் சண்டை தொடங்குமிடத்தில்
வெள்ளை வட்டம் சுற்றும்.
ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும்.
அந்த நேரத்தில் யுகன் பள்ளிக்கூடக் கதை சொல்வான்,
வட்டம் நின்றதும் பாதியில் விட்டுவிடுவான்.
கணக்கு மிஸ் வகுப்பில் எதற்கு அழுதார் என்று
எனக்குத் தெரியாமலே போயிற்று.

அரைமணியில் பெட்டி இட்லிச்சட்டியாகக் கொதித்தது.
வில்லாபுரத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே,
மே மாத மதியம்.
இருக்கிற ஒரே டேபிள் ஃபேனை
அதன் பக்கம் திருப்பி வைத்தோம்.
பெட்டிக்குக் காற்று.
எங்களுக்குப் பனியனைப் பிழிகிற வேர்வை.

பொத்தானை அழுத்தினால் ஆள் உடனே குதிப்பதில்லை.
யோசிப்பான்.
பள்ளம் வந்துவிடும்,
விழுந்துகொண்டே குதிப்பான்.
நான் பெட்டியைத் திட்டினேன், கடையைத் திட்டினேன்.
யுகன் நாலாவது ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டான்.
"பள்ளம் தெரியறதுக்கு முந்தியே அமுக்கிரணும்ப்பா.
ஒங்ககிட்ட ஏதாச்சும் வேணும்னா
புதன்கெழமையே சொல்லிர்றேன்ல, அது மாதிரி."

நாலரைக்குக் கரண்ட் போனது,
காலையிலிருந்து மூன்றாவது தடவை.
வந்ததும் பெட்டி கண்விழித்துச் சொன்னது:
ஜனவரி 1, 2015.
உள்ளே இருக்கவேண்டிய பொத்தான் பேட்டரியை
செய்தவன் மிச்சம் பிடித்திருக்கிறான்.
தேதி தப்பென்றால் நெட் சேர்த்துக்கொள்ளாது,
ஒரு படமும் திறக்காது.
கையால்தான் தள்ள வேண்டும், மாதம் மாதமாக.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"
"நீ இல்ல."
"அம்மா?"
"இருந்தாங்க. ஜெய்ஹிந்துபுரம் வீட்ல.
அன்னைக்குக் கேசரியில முந்திரி கருகிப்போச்சு."

அழுத்திக்கொண்டே போனேன்.
2016 ஆகஸ்ட் தாண்டும்போது
"இப்ப நான்" என்றான்.
2019 செப்டம்பரில் பெட்டி சிக்கிக்கொண்டது.
கோர்ட்டில் முதல் வாய்தா அந்த மாதம்தான்.
எவ்வளவு அழுத்தியும் நகரவில்லை.
இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நான் விரலை எடுத்த பிறகு
அழுத்தியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓடி
2031 இல் போய் நின்றது.

"அப்ப எனக்குப் பதினஞ்சு" என்றான்.
"திருநகர்ல இருந்து நானே பஸ்ல வந்துருவேன்."

அந்த வருஷத்திலும் எதுவும் திறக்கவில்லை.
ஒவ்வொரு மாதமாகப் பின்னால் இழுத்து
இன்றைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு.
கீழே சுகந்தியின் தம்பி ஹாரன் அடித்தான்.
யுகன் ஒரு செருப்பை மாட்டி,
இன்னொன்றைத் தேடி,
பெட்டியைத் தொட்டுப் பார்த்து
"இன்னும் சுடுது" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

பில்லை எடுத்துப் பார்த்தேன்.
ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால்
மாற்றித் தருவார்களாம்.
வாங்கியது சனிக்கிழமை.
கெடு வருகிற சனிக்கிழமை.
அவன் வருவது ஞாயிற்றுக்கிழமை.