தேய்மானம் சேராது

வாங்கும்போதே சொன்னார் பெங்களூர்க்காரர்:
“கொஞ்சம் வேர்க்கும் மேடம், வேற ஒண்ணுமில்ல.”

முப்பத்திரண்டு வருஷத்து வண்டி. ரெண்டே கதவு.
முகப்பு விளக்குகள் இமை திறந்து எழும்பும்,
இடது கண் மட்டும் கொஞ்சம் தாமதமாக.
சூளகிரி இறக்கத்தில் அது போட்ட சத்தத்துக்கே
கடனில் பாதியை மனசுக்குள் கழித்துவிட்டேன்.
மறுநாள் காலை லண்டன்பேட்டையில்,
வீட்டுக்கார கெம்பம்மா போன மாசம் பதித்த தரைக்கல்லில்,
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு வேர்வை.

மண்டியில் மாம்பழப் பெட்டி அட்டை வாங்கி
அடியில் விரித்தேன்.
தினமும் சொட்டுகளை எண்ணி
பக்கத்தில் தேதி போட்டேன்.
பழக்கதோஷம். நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
நொறுங்கிய வண்டிகளைப் படமெடுத்து
நொறுங்கலுக்கு விலை எழுதுகிறவள்.
ஆயில் கசிவு என்று யாராவது மனு போட்டால்
ஒரே வரி:
தேய்மானம், சேராது.

பழையபேட்டை இக்ராம் மல்லாந்து படுத்துப் பார்த்தான்.
“பின் சீல் போயிருக்கு. இன்ஜினை இறக்கணும்.”
துக்கம் சொல்லும் குரலில் சொன்னான்.
ராயக்கோட்டை ரோட்டு முனிரத்தினம்
சம்ப் பேக்கிங் என்று சத்தியம் செய்தார்.
கெட்டி ஆயில் ஊத்துங்க, தானா நிக்கும் என்றார் ஒருவர்.
ஊற்றினேன். நிற்கவில்லை.
இப்போது சிக்னலில் நின்றாலே
வறுபடும் வாசம் வந்தது,
பக்கத்து ஸ்கூட்டர்காரர் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்தேன்.
இன்ஜினின் முதுகுவரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு
பையனின் வேர்க்குரு பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன்.
வேர்க்கிறது என்றால் அதுதானே மருந்து.
வெள்ளை வெளேரென்ற இன்ஜினோடு
தொப்பூர் வரை போனேன்.

அந்தக் கணவாயில் வளைவுக்கு ஒரு கோப்பு எனக்கு உண்டு.
இங்கே உருளைக்கிழங்கு லாரி. இங்கே பெயின்ட் டேங்கர்.
இங்கே ஒரு கல்யாண வேன், அதைப் பற்றி எழுதமாட்டேன்.
கீழே போய்த் திரும்பி
மூன்றாம் கியரில் ஏறினேன்.
சுங்கச்சாவடி தாண்டி ஒரு புளியமரத்தடியில்
பானெட்டைத் தூக்கினேன்.

பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.
சம்பிலிருந்து இல்லை. பின் சீலிலிருந்து இல்லை.
எல்லாவற்றுக்கும் மேலே, மூடியின் பின்மூலையில்,
விறைத்துப்போன பிறையளவு ரப்பரிலிருந்து கிளம்பி,
யாரும் பார்க்காத முதுகு வழியாக இறங்கி,
கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து
ஒன்றும் தெரியாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை நேரம் அங்கேயே நின்றேன் தெரியாது.
பாலக்கோட்டுக்காரர் ஒருவர், மாதையன்,
தக்காளி ஏற்றும் வண்டி, இன்ஜின் இறுகிப்போனது.
“கல்லு பட்டுதும்மா” என்றார்.
நான் டார்ச் அடித்தது சொட்டின இடத்தில்.
பழைய ஆயில், பழைய அழுக்கு.
ஒரே வரி எழுதிவிட்டு
அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

ரப்பர் நூற்றெண்பது ரூபாய்,
பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது.
மாட்ட அரைமணி நேரம்.
இக்ராம் வந்து பார்த்து, “அதுவும் இருக்கலாம்” என்றான்.

ராத்திரி மாதையனின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏழாவது படத்தில், அழுக்குக்கு நடுவில்,
நகக்கீறல் மாதிரி
பளிச்சென்று புது அலுமினியம்.

ரெண்டு நாள் அட்டை சுத்தம்.
மூன்றாம் நாள் ஒரு சொட்டு, வேறு இடத்தில்.
தேதி போட்டேன்.
அதே பேனாவால்தான்
மறு ஆய்வுக் கடிதத்தின் முதல் வரியை எழுதினேன்,
அடித்தேன்,
திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கெம்பம்மா வாசலில் நின்று
தரைக்கல்லுக்கு யார் பொறுப்பு என்கிறாள்.