ஐந்து சொல்

மல்லாவி ஆஸ்பத்திரிப் பின்கட்டு.
பதினொரு பிளாஸ்டிக் கதிரை,
ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
ஞாபக வகுப்பு மிஸ் ஐந்து சொல் தந்தா:
குடை, கத்தரிக்காய், மணி, சைக்கிள், உப்பு.

"உங்கட வீட்டுக்குள்ள மனசால நடந்து போங்கோ.
ஒவ்வொரு இடத்தில ஒவ்வொன்றாய் வையுங்கோ.
பத்து நிமிசத்தால கேட்பன்."

எந்த வீடு மிஸ்?

துணுக்காயில் ஆறு அறை.
குடை மாட்டின ஆணிக்கு
இப்ப சுவரில்லை.
வீட்டுத்திட்ட வீட்டில
மருமகள் அறைக்குள்ள
மனசாலயும் போகக் கூச்சம்.

செட்டிகுளத்துத் தறப்பாள்தான் சரி.
ஒரே அறை. ஒன்றும் தொலையாது.

உப்பை வாசலில வைச்சன்.
சைக்கிள் உள்ள வராது,
கயிற்றோட சாய்ச்சன்.
மணியைக் கம்பில கட்டினன்.
குடை விரிக்க இடமில்லை,
பாய்க்குக் கீழ.
கத்தரிக்காய்
பக்கத்துத் தறப்பாள் அன்னபாக்கியம்
கை நீட்டினா, குடுத்திட்டன்.

பத்து நிமிசம்.

உப்பு, சைக்கிள், மணி, குடை,
கத்தரிக்காய்,
அன்னபாக்கியம்.

"ஆறாவது லிஸ்டில இல்லையே ஐயா?"
இல்லைத்தான் மிஸ்.
ஒரு லிஸ்டிலயும் இல்லை.

மிஸ் கொஞ்சநேரம் பேசேல்லை.
ஐந்துக்கு ஐந்து போட்டா.
பிறகு ஓரத்தில, பென்சிலால,
அந்தப் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டு
எழுதினா.