மூன்று நிமிடம்

பள்ளிபாளையத்தில் சத்தமில்லாத இடம்
என்று ஒன்று இருந்தால் அது
என் ஆம்னி வண்டியின் பின்சீட்டுதான்.
கண்ணாடியை ஏற்றி, தலைக்குமேல் போர்வையும் போட்டால்
தறிச்சத்தம் பாதியாகும்.
விடிகாலை நாலரைக்கு
மூன்று நிமிடச் செய்தி பேசி அனுப்புவேன்.
நாற்பது பேரில் தொடங்கியது,
இப்போது இரண்டு குழு நிறைந்து மூன்றாவது.
மஸ்கட் நர்ஸ் ஒருவர் கைகூப்பும் படம் போடுவார்.
பவானி லாரி டிரைவர்
ஆமென் என்பதை எப்போதும் ஆமேன் என்றே எழுதுவார்.
"ஜெபிக்கறதுக்கு முன்னாடியே
எத்தனை பேர் கேட்டாங்கன்னு பார்க்கறீங்க" என்றாள் ஜெசிந்தா.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை
அறைவீட்டைப் பற்றிப் பேசினேன்,
பூட்டிய கதவைப் பற்றி.
நன்றாக வந்திருந்தது.
முடிக்கையில் அதுவாக வாயில் வந்தது:
ஆவாரங்காட்டுச் சகோதரி ஜெயமணி
முன்பணம் அடைத்து வேறு குடோனுக்குப் போக
வழி திறக்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அது எனக்கு மட்டும் அவள் அனுப்பியது.
கிசுகிசுத்த குரலில், பதினோரு விநாடி.

குடோன்காரரின் மச்சான் இரண்டாம் குழுவில் இருந்தார்.
அவரைச் சேர்த்தவன் நானே,
ஆத்தும ஆதாயம் என்று.

ஒன்பது மணிக்குள் கணக்குநோட்டு திறந்தாகிவிட்டது.
"முழுசையும் வெச்சுட்டுப் போங்க அம்மிணி,
எழுபத்தெட்டாயிரம், இன்னிக்கே."

எல்லோருக்கும் நீக்கு என்பதை அழுத்தினேன்.
நீங்கியது.
செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு சாம்பல் வரி
அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
அதன் கீழே டிரைவர்
ஆமேன் போட்டிருந்தார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
எட்டுத் தறி ஓடும் குடோன்.
தடுமாறாமல் மூன்று நிமிடம் பேசுகிறவன்
வாசலில் நின்று தொண்டை கிழிய
மன்னிச்சிருங்க என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.
அங்கே யாரும் காதை நம்புவதில்லை.
உதடு பார்த்து, விரல் பார்த்து,
ஊடை அறுந்ததையும் டீ வந்ததையும்
பிள்ளை பெரியவளானதையும்
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

நெஞ்சைத் தொட்டேன். கையைக் கூப்பினேன்.
குழுவில் போடும் படம் மாதிரியே இருந்தது,
இறக்கிவிட்டேன்.

ஜெயமணி தார் மாற்றினாள்.
நாடாவை உள்ளே விட்டுத் தறியை ஓட்டினாள்.
பிறகு என்னைப் பார்த்து விரல்களால் ஏதோ சொன்னாள்,
இரண்டு தடவை.
பக்கத்துத் தறிக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டுத்
தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அந்தப் பாஷை தெரியாது.
பதினாலு வருஷமாய் இந்த ஊரில் ஊழியம்.

இன்றைக்கும் நாலரைக்குப்
போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன்.
ஐந்தேகாலுக்கு மஸ்கட்டிலிருந்து வந்தது:
ஏனுங்க பாஸ்டர், உடம்புக்கு முடியலீங்களா?
போனைக் கவிழ்த்துவைத்துக்
கண்ணாடியை இறக்கினேன்.