உட்பிரிவு

பெரியது இருபத்து நான்கு சென்டிமீட்டர்,
ஓட்டின் நேர்நீளம், கழுத்து சேர்க்காமல்.
சின்னதுகள் மூன்றும்
ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால்.
அளப்பது என் தொழில்.
சேரன்மகாதேவி வட்டத்தில்
அண்ணன் தம்பி பேச்சு நின்ற வயல்களில் எல்லாம்
என் கால் பட்டிருக்கிறது.

எட்டடிக்கு ஐந்தடி சிமென்ட் குளம்,
கொல்லையில், செம்பருத்திக்குக் கீழே.
மாற்றலாகிப் போன வங்கிக்காரர்
பெரியதைப் பச்சை வாளியோடு விட்டுப் போனார்.
"சாதுங்க" என்றார்.
சாதுதான்.
மூன்றாம் நாள் காலை
ஐந்தே முக்காலுக்குப் பின்னங்காலில்
ஒரு விரல் இல்லை.

சங்கிலி பிடிக்கும் முப்பிடாதி வந்து பார்த்தான்.
"அக்கா, அது பகைச்சிக் கடிக்கலை பாத்துக்கிடுங்க.
அதுக்கு வெரலும் மண்புழுவும் ஒண்ணுதான்.
பேசாம கன்னடியன் கால்ல விட்டுருவோம்."

விடலாம்.
சிவந்த காதோடு எந்த நாட்டிலிருந்தோ வந்தது
வாய்க்காலில் இறங்கினால்
அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஆமைகளின்
பங்கைத் தின்னும்.
அவை என் மேசைக்கு மனு கொண்டு வராது.

அதனால் பிரித்தேன்.
முதலில் நைலான் வலை.
ஆறரை தலையை நுழைத்துக்கொண்டு
மூச்சுக்கு மேலே வர முடியாமல் துடித்தது.
கத்தரிக்கோல் தேட ஒரு நிமிடம் ஆனது.
அந்த நிமிடத்தைப் பற்றி எழுத மாட்டேன்.
பிறகு கம்பிவலை, கால் அங்குலக் கண்,
விளிம்பெல்லாம் ரப்பர் குழாயைக் கீறிச் செருகியது.
இந்தப் பக்கம் ஒரு வெயில்கல், அந்தப் பக்கம் ஒன்று.
பத்தமடையில் இடித்த வீட்டிலிருந்து நாட்டோடு நான்கு,
பெரியதன் தலை நுழையாத வளைவு,
சின்னதுகளின் அடித்தரையில் கவிழ்த்து வைத்தேன்.
தீனி இரு பக்கமும் ஒரே நேரத்தில்,
இரண்டு கையும் ஒன்றாக நீள வேண்டும்.
ஒரு பக்கம் முந்தினால்
வலை அதிரும்.

தண்ணீரை மட்டும் பிரிக்கவில்லை.
வீரவநல்லூரில் பிரமநாயகமும் அவர் தம்பியும்
ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டை
நூல் பிடித்துப் பாதியாக வாங்கிக்கொண்ட அன்றும்
கிணற்றைப் 'பொது' என்றுதான் எழுதினேன்.
ஒரே மோட்டார்,
வேறு வேறு கிழமை.

கார்த்திகையில் நான்கு நாள் மழை.
நான் எல்லை போட்டது பங்குனித் தண்ணீருக்கு.
நள்ளிரவில் டார்ச்சோடு போனால்
வலைக்கு மேல் நான்கு விரல் நீர்.
சின்னதுகளின் கல்லில் பெரியது,
நிதானமாக,
தணிக்கைக்கு வந்த அதிகாரி போல.
முழங்கால் வரை இறங்கிக் கையால் தடவினேன்.
ஓட்டுக்கு அடியில் ஆறு இருந்தது.
அடுத்த ஓட்டில் ஆறரை.
அப்புறம் இலை, இலை,
என் வளையலுக்குள் புகுந்த ஒரு குச்சி.

விடிந்தபின் கிடைத்தது,
குளத்துக்கு வெளியே,
உடைந்த பூந்தொட்டியின் மறைவில்,
மிச்சமிருந்த விரல்களை எல்லாம்
உள்ளே இழுத்துக்கொண்டு.

இப்போது வலை நீருக்கு மேல் ஒரு முழம்.
மாதம் ஒருமுறை அளந்து
பழைய புலப்பட நோட்டின் பின்பக்கம் குறிக்கிறேன்.
ஐந்தே முக்கால் இன்று ஏழு.
"எத்தனை வந்தா வலையை எடுப்பிய?"
முப்பிடாதி கேட்கிறான்.
கையில் நாடாதான் இருக்கிறது.

காலையில் சில நாள்
பெரியது வலையில் மூக்கை வைத்து நிற்கும்.
இந்தப் பக்கம், அதற்கு நேராக, ஏழு.
பசியா, பழக்கமா,
குறிப்புக் கலத்தில் எதை எழுத?
வெறுமனே விட்டுவிட்டு
ஒன்பதரை பஸ்ஸுக்கு ஓடுகிறேன்,
புடவைக் கரையில் பாசி.