தையல் மெஷினுக்குத்தான்

பாகலூர் சாலை ஹார்டுவேர்ஸில்
முனிராஜப்பா பஞ்சுகளைக்
கண்ணாடி மேசைமேல் பரப்பினார்.
எஃகு இருபது ரூபாய் மலிவு.
"எதுக்கும்மா?"
தையல் மெஷினுக்கு என்றேன்.

எஃகு வேண்டாம்.
எட்டு மணிநேரம் எஃகோடு இருந்துவிட்டு வருகிறவள் நான்.
சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட்.
என் மைக்ரோமீட்டரைத் தாண்டாமல்
ஒரு புஷ் வெளியே போகாது.
எஃகும் எஃகும் மோதினால்
எது காயப்படும் என்று
முன்கூட்டிச் சொல்ல முடியாது.
எனக்குத் தோற்கத் தெரிந்த உலோகம் வேண்டும்.
"பித்தளை கொடுங்கண்ணா."
"முனை மழுங்கிடுமே."
"மழுங்கட்டும்."

சுத்தியல்தான் நேரம் எடுத்தது.
வீட்டில் ஒன்று இருக்கிறது.
ரெஜினா அதால் ஆணி அடிப்பாள், சுக்கு தட்டுவாள்,
தேங்காய் உடைப்பாள்.
அதற்கு எல்லாமே தேங்காய்.
நைலான் தலை, கால் கிலோ,
வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன்,
தெரிந்தவர் தோளைத் தட்டுவதுபோல் இருந்தது.
சரி, இது.

துப்பாக்கி காற்றுத் துப்பாக்கி.
போச்சம்பள்ளியில் ஒருவர் விளையாட்டை விட்டபோது
மூன்று தவணையில் எனக்கு வந்தது.
முன்குறித் தகடு அவர் கண்ணுக்கு ஏற்ற மெலிசு;
கறுப்பு வட்டத்துக்கு அடியில் போனால்
எனக்குக் கரைந்துவிடுகிறது.
நாலரை மில்லியில் புதிது ஒன்றைச்
சென்னகேசவன் வயர்கட்டில் வெட்டித் தந்தான்,
ஷிப்ட் முடிந்து பஸ் வருவதற்குள்.

வாடகை வீட்டுச் சுவரில் ஆணிகூடக் கூடாது.
கட்டில் சட்டத்தில் குட்டி வைஸைப் பூட்டினேன்.
அதன் தாடைகளுக்கு என் பழைய செருப்பின் தோல்.
காற்று உருளையைக் கழற்றி
அரிசி டின்னில் வைத்தாயிற்று.
குழலுக்குள் நான் பார்த்தேன்,
ரெஜினாவையும் பார்க்கச் சொன்னேன்.
"ட்யூப்லைட் தெரியுதுடி,
வேற எதுவும் இல்ல."

பழைய தகட்டின் ஓரத்தில் பென்சில் கோடு,
காடியில் ஒரு சொட்டு எண்ணெய்.
முதல் தட்டுக்கு அசையவில்லை.
நாலாவதுக்கும் இல்லை.
கீழிருந்து வீட்டுக்காரம்மா கன்னடத்தில் கத்தினார்,
நடுராத்திரியில் என்ன இடி என்று.
"பூண்டு, ஆண்ட்டி!" என்றாள் ரெஜினா.
ஒன்பதாவதில் ஓசை மாறியது.
பஞ்சின் முனை காளான்போல் விரிந்திருந்தது.
தகட்டில் ஒரு கீறல் இல்லை.

முன்குறி இல்லாத துப்பாக்கியை
சும்மா நீட்டிப் பார்த்தேன்.
கேஸ் ஏஜென்சி காலண்டர், கொடியில் நைட்டி,
பாதி பெயர்ந்த சுண்ணாம்பு,
எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.
கை நடுங்கவில்லை.
நடுங்குவதைக் காட்ட
அங்கே ஒன்றும் இல்லை.
ஐந்து நிமிடம் அப்படியே இருந்திருப்பேன்.
"தோசை ஆறுது" என்றாள்.

புதியது இறுக்கம்.
அரத்தில் ஒரு இழுப்பு,
மறுபடி ஒன்று.
மூன்றாவதற்குக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.
ஃபேக்டரியில் இதை ரிஜெக்ட் செய்திருப்பேன்;
இங்கே நானே ஆபரேட்டர்.
பென்சில் கோடு வரை தட்டி
போதும் என்று விட்டேன்.

ஞாயிறு, கிருஷ்ணகிரியில் மாவட்டத் தேர்வு.
பத்து மீட்டர், அறுபது தோட்டா.
எல்லாம் ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குள்.
எல்லாம் எட்டில்,
மையத்துக்கு இடது பக்கம்.
அவ்வளவு ஒற்றுமையாக
நான் எதிலும் தவறியதில்லை.

திங்கள்கிழமை
பஞ்சின் முனையைத் தீட்டிக்கொள்ளப் போனேன்.
முனிராஜப்பா அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.
"மெஷின் தைக்குதாம்மா?"
"தைக்குதுண்ணா.
எல்லாம் இடது பக்கமாத் தைக்குது."
கிரைண்டரைப் போட்டார்.
பித்தளைப் பொறி பறக்காது;
மஞ்சள் தூள்தான் மேசையில் விழுந்தது.
"ஊசி வலதுக்கு ஓடியிருக்கும்.
இடதுக்குத் தட்டுங்க.
முடி அளவு, அதுக்கு மேல வேணாம்."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.
அதற்குள் யாருக்கோ
முக்கால் இஞ்ச் எல்போ
எடுத்துக்கொண்டிருந்தார்.