கசகசா அல்ல

கருப்பூரில், மாக்னசைட் வெட்டி எறிந்த
வெள்ளைக் கரட்டின் அடியில்,
பாவாயி வீட்டுப் பின்பக்கம்
போலீஸ் ஜீப்.
கசகசா வளர்க்கிறாள் என்று மனு.
தாவரவியல் துறை என்பதால்
என்னையும் ஏற்றி வந்தார்கள்.
பையில் லென்ஸ், பழைய செய்தித்தாள்,
மதியத்துக்கு வாங்கிய எலுமிச்சை சாதம்.

பாப்பிதானே? என்றார் எஸ்.ஐ.
குடும்பம் அதுதான் சார், என்றேன்.
பாவாயியின் முகம் சுருங்கியது.
குடும்பத்துக்காகக் கைது செய்வதில்லை என்று
அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் இலை.
கசகசா இலையை வருடலாம்,
மெழுகு பூசிய மாதிரி; தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
இதைத் தொடுங்கள்.
தொட்டார். கையை உதறினார்.
நரம்பெல்லாம் வெள்ளை,
சுண்ணாம்பு தொட்டு இழுத்த கோடு.
ஓரமெல்லாம் முள்.

கிள்ளினேன்.
கசகசாவுக்குப் பால் வெள்ளை.
இதற்கு மஞ்சள்,
என் கட்டைவிரலில் வழிந்து நகக்கண்ணில் நின்றது.

பூவுக்கு ஆறு இதழ், கசங்கிய பட்டு.
புல்லிகள் விரிந்ததுமே உதிர்ந்துவிடும் என்பதால்
மொட்டில் காட்டினேன்:
மூன்று, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொம்பு.
சூலகமுடி கருஞ்சிவப்பு.
காய் உருண்டையில்லை, தலையில் கிரீடமில்லை.
நீளக்காய். அதிலும் முள்.
உச்சியில் வாய் பிளந்து
கடுகு கடுகாகக் கொட்டும்.

"கடுகுன்னு தாளிச்சா கால் வீங்கும்"
என்றாள் பாவாயி,
அதுவரை பேசாதவள்.

ஊரில் என்ன பெயர்?
எழுதக் காத்திருந்தார் எஸ்.ஐ.
பிரமதண்டு, என்றேன்.
"குடியோட்டி" என்றாள் அவள்,
வேலிக்கு அப்பால் பார்த்தபடி.
அங்கே
புது லேஅவுட்டின் எல்லைக் கற்கள்,
ஒரு பைக், அதில் சாய்ந்து
போனையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவன்.

ஜீப் கிளம்பியது.
உலர்த்தி ஒட்ட ஒரு செடி வேண்டுமென்றேன்.
"நாலு புடுங்கிக்க, எனக்கு வேல மிச்சம்" என்று
துணி சுற்றிக்கொள்ளத் துண்டு கொடுத்தாள்.

சாயங்காலம் அட்டை நிரப்பினேன்.
சேகரித்த நாள். பூ நிறம்.
வாழிடம்:
கிளறிய நிலம், கல்மண், பாதையோரம்.
புத்தகத்தில் இருப்பது அவ்வளவுதான்.
பேனாவை மூடாமல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு
மஞ்சள் விரலால் அட்டையை அழுத்திப் பிடித்து
அதன் கீழே எழுதினேன்:
ஆள் குடியிருக்கும் இடம்.